ஒரு முன்பல் உறையும் அதன் அண்டைப் பல்லும்: ஃப்ளூரோசிஸ் உள்ள வாயில் நிறப் பொருத்தம் குறித்த நிகழ்வு ஆய்வு

மேல்தாடையின் இரண்டு நடு வெட்டுப்பற்களில் ஒன்று இயற்கையாக நிற்க, மற்றொன்றுக்கு மட்டும் உறை போடுவது அழகுசார் பல் மருத்துவத்தின் மிகக் கடினமான வேலை என்பதை இத்துறையில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். ஆறு முன்பற்களுக்கும் சேர்த்து உறை போடும்போது அவை ஒன்றுக்கொன்று ஒத்திருந்தால் போதும். சற்று வெளுத்தோ நீண்டோ இருந்தாலும் யாரும் குறை சொல்வதில்லை. ஒற்றைப் பல்லில் அந்தச் சலுகை கிடையாது. அசல் பல் ஒட்டியே நிற்பதால், பயிற்சியில்லாத கண்கூட இரண்டையும் ஒரு நொடியில் ஒப்பிட்டுவிடும். இங்கு விவரிக்கும் நிகழ்வில் இன்னொரு முடிச்சும் இருந்தது. ஒப்பிட வேண்டிய அசல் பல்லே பாடநூல் படத்தில் வரும் பல்லைப் போன்றதல்ல; குழந்தைப் பருவத்துக் குடிநீரில் மிகுந்திருந்த ஃப்ளூரைடின் தடத்தை, அதாவது ஃப்ளூரோசிஸை, தன் மேலோடான எனாமலில் சுமந்திருந்த பல் அது. நோயாளியின் ஒப்புதலோடும், அடையாளம் வெளிப்படாத அளவுக்கு விவரங்களைச் சுருக்கியும் இதை எழுதுகிறேன்.

வந்த குறை

நோயாளி 31 வயதுப் பெண். தர்மபுரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர், பள்ளி ஆசிரியை. சிறுவயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் மேல் இடது நடு வெட்டுப்பல்லில் அடிபட்டு, வேர் சிகிச்சை செய்யப்பட்டு, சில ஆண்டுகள் கழித்து பல் கறுத்ததால் உலோகத்தின் மேல் பீங்கான் சுட்ட வகை உறை போடப்பட்டிருந்தது. வலி இல்லை, வீக்கம் இல்லை, மெல்லுவதில் தடையும் இல்லை. "போட்டோ எடுத்தா அந்த ஒரு பல்லுதான் டாக்டர் முன்னாடி வந்து நிக்குது" என்பதே அவருடைய குறை. பள்ளி ஆண்டு விழா மேடையில் ஊதா விளக்கு போட்டபோது அந்தப் பல் இருந்த இடம் கறுத்துப்போய், "டீச்சருக்குப் பல்லு விழுந்துருச்சு" என்று பிள்ளைகள் சிரித்ததையும் சொன்னார். பகலில் பிற பற்களைவிட வெளுத்துத் தெரியும் அதே பல், ஊதா வெளிச்சத்தில் காணாமல் போகிறது. முரண்போலத் தோன்றும் இந்த இரண்டு குறிப்புகளுமே உறையின் குறை எங்கே இருக்கிறது என்பதைப் பரிசோதனைக்கு முன்னரே ஏறக்குறையச் சொல்லிவிட்டன.

முன்பற்கள் ஆறுக்கும் வெனீர் (பல்லின் முகப்பில் ஒட்டும் மெல்லிய தகடு) ஒட்டி "எல்லாத்தையும் ஒரே வெள்ளையா" ஆக்கிக்கொள்ளலாம் என்று வேறோர் இடத்தில் அவருக்கு ஆலோசனை சொல்லியிருந்தார்கள். அந்த எண்ணத்தோடுதான் வந்திருந்தார்.

இரண்டு பற்களையும் அருகருகே பார்த்தல்

இடப்பக்க உறையைவிட வலப்பக்க இயற்கைப் பல்லைப் பார்க்கவே அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். அதன் அகலம் 8.6 மி.மீ., உயரம் 10.6 மி.மீ.; அதாவது உயரத்தில் ஏறத்தாழ 81 விழுக்காடு அகலம். 75 முதல் 80 விழுக்காடு வரை அழகான விகிதம் என்று நூல்கள் சொல்வதைச் சற்றே தாண்டிய பல் இது, ஆனாலும் அவருடைய முகத்துக்கு எந்த உறுத்தலும் இல்லாமல் பொருந்தியிருந்தது. நூல் விகிதங்களை ஓர் எல்லைவரைதான் நம்பலாம். முன்பற்களின் அகலங்கள் பொன் விகிதத்தில் (சுமார் 1.618க்கு 1) குறைந்து செல்ல வேண்டும் என்ற கருத்து 1970களில் செல்வாக்குப் பெற்றது. ஆனால் 1993இல் பிரெஸ்டன் இயற்கைப் பற்களை அளந்து பார்த்தபோது, நடு வெட்டுப்பல்லுக்கும் பக்க வெட்டுப்பல்லுக்கும் இடையே அந்த விகிதம் 17 விழுக்காட்டினரிடம் மட்டுமே காணப்பட்டது. ஒற்றைப் பல் உறைக்கு அளவுகோல் அண்டைப் பல்தான்.

அந்த அளவுகோலின்படி பழைய உறை 0.4 மி.மீ. அகலம் கூடியும், ஈறருகே தடித்து முன்தள்ளியும் இருந்தது. உலோகம், அதன் கருமையை மறைக்கும் ஒளிபுகாப் பூச்சு, அதற்கு மேல் பீங்கான் என மூன்று அடுக்குகளும் அமைய முகப்புப் பக்கத்தில் 1.2 முதல் 1.5 மி.மீ. வரை இடம் தேவை. பல்லை அந்த அளவுக்குக் குறைக்காமல் விட்டால், லேபில் உறையைச் செய்யும் டெக்னீஷியனுக்கு இரண்டே வழிகள்தான் உண்டு: உறையைத் தடிப்பாக்குவது, அல்லது பீங்கானை மெலிதாக்கிப் பூச்சின் வெண்மை வெளியே தெரிய விடுவது. இந்த உறையில் இரண்டுமே நடந்திருந்தன.

இயற்கைப் பல்லுக்குள் விழும் ஒளி எனாமலைக் கடந்து அதற்கு உள்ளே இருக்கும் டென்டின் அடுக்குவரை சென்று, சிதறி, ஒரு பகுதி பக்கவாட்டிலும் ஈற்றுக்குள்ளும் பரவி, எஞ்சியது மட்டுமே வெளியே திரும்புகிறது; அதனால்தான் நல்ல பல்லுக்கு ஆழம் இருப்பதுபோலத் தோன்றுகிறது. ஒளிபுகாப் பூச்சு மேற்பரப்புக்கு அருகிலேயே இருக்கும் உறையில் ஒளி உடனே முட்டித் திரும்பிவிடுகிறது. ஃபிளாஷ் போட்டு எடுக்கும் படத்தில் இந்தப் பல் 'முன்னாடி வந்து நிற்பதற்கு' அதுவே காரணம். ஈறருகே நிலைமை தலைகீழ்: உலோகம் வேருக்குச் செல்லும் ஒளியை மறிப்பதால், ஈற்றின் விளிம்பு சாம்பல் நிழலாகத் தெரிந்தது.

மேடை விளக்கின் கதை வேறு. இயற்கை டென்டின் புறஊதாக் கதிரை உள்வாங்கி நீலம் கலந்த வெள்ளை ஒளியாக வெளியிடுகிறது. இந்த உடனொளிர்வு எனாமலில் குறைவு, டென்டினில் மிகுதி. பீங்கானில் அதற்கான பொருள் சேர்க்கப்படாவிட்டால், ஊதா விளக்கின் கீழ் மற்ற பற்கள் ஒளிரும்போது உறை மட்டும் இருண்டுவிடும். ஒரு காலத்தில் இந்த ஒளிர்வுக்காகப் பல் பீங்கானில் யுரேனியம் சேர்மங்களைக்கூடக் கலந்தார்கள் என்பது இன்று கேட்க வியப்பாக இருக்கும். அது கைவிடப்பட்டு, இப்போது அருமண் தனிமங்களின் சேர்மங்கள் பயன்படுகின்றன.

இனி இயற்கைப் பல்லின் மேற்பரப்பு. வெட்டுவிளிம்பின் வெளி மூலையிலும், நடுப்பகுதியில் குறுக்குப் பட்டையாகவும், ஓரம் தெளிவில்லாத சுண்ணாம்பு வெண்மை படர்ந்திருந்தது. பழுப்புக் கறையோ குழிகளோ இல்லை. பிற முன்பற்களிலும் அதேபோல் இருந்ததால், ஃப்ளூரோசிஸின் கடுமையை வகைப்படுத்த டீன் 1942இல் வகுத்த குறியீட்டின்படி இலேசான ஃப்ளூரோசிஸ் என்று பதிவு செய்தேன். நடு வெட்டுப்பல்லின் எனாமல் குழந்தை பிறந்த சில மாதங்களில் உருவாகத் தொடங்கி நான்கு, ஐந்து வயதுக்குள் முடிந்துவிடுகிறது; அக்காலத்தில் குடித்த நீரில் இருந்த மிகுதியான ஃப்ளூரைடு, மேற்பரப்பின் மெல்லிய உறுதியான படலத்துக்கு அடியில் நுண்துளைகள் நிறைந்த எனாமலை விட்டுச்செல்கிறது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் ஃப்ளூரைடு லிட்டருக்கு 1 மி.கி.க்குள் இருக்க வேண்டும்; வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 மி.கி. வரை அனுமதி. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் அதற்கு மேலும் இருந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே ஃப்ளூரோசிஸ் தணிப்பையும் பெயரில் சேர்த்துக்கொண்டு வந்தது. 2013இல் அத்திட்டம் செயல்பாட்டுக்கு வந்தபோது இவருடைய எனாமல் உருவாகி முடிந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

எதைச் செய்யாமல் விடுவது

ஆறு வெனீர்கள் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. வெனீருக்கு எனாமலை 0.3 முதல் 0.7 மி.மீ. வரை குறைக்க வேண்டியிருக்கும்; ஈறருகே எனாமலின் தடிப்பே 0.3 முதல் 0.5 மி.மீ.தான். சொத்தையோ உடைவோ இல்லாத ஐந்து பற்களை, ஒரே ஒரு மோசமான உறையைப் பொருத்தமாக்குவதற்காகச் செதுக்குவது அளவு மீறிய சிகிச்சை. தவிர, வெனீர்கள் என்றென்றைக்கும் நிற்பவை அல்ல. 31 வயதில் தொடங்குபவர் வாழ்நாளில் ஒரு முறையாவது மாற்ற வேண்டி வரும். ஒவ்வொரு மாற்றத்திலும் பல் சற்றுக் குறையும்.

நடுத்தரமான வழி ஒன்று இருந்தது. இயற்கைப் பற்களை முதலில் வெளுப்பேற்றி, மேற்பரப்பை மெல்லத் தேய்க்கும் நுண் உராய்வு முறையிலோ, நுண்துளைகளை ரெசினால் நிரப்பும் ஊடுருவல் முறையிலோ வெண்திட்டுகளை மங்கச் செய்து, நிறம் நிலைத்த பிறகு அதற்கு ஏற்ப உறை செய்வது. பல்லைப் பெரிதாகக் குறைக்காத, நியாயமான வழி. வரிசை மட்டும் மாறக்கூடாது: பீங்கான் வெளுப்பு மருந்துக்கு மாறாது என்பதால், உறை போட்ட பிறகு வெளுப்பேற்றினால் பழைய கதைதான். இதையெல்லாம் விளக்கி, உறையை மட்டும் கணினியில் திருத்திய அவருடைய புன்னகைப் படத்தையும் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "எங்க வீட்ல எல்லாருக்கும் பல்லு இப்படித்தான் டாக்டர். இந்தக் கேப்பு மட்டும் சரியானாப் போதும்" என்றார். அந்தப் படத்தில் வெண்திட்டுகள் அப்படியே இருந்தன. கண்ணை இழுத்தது அவையல்ல, சீரான ஒரே நிறத்தில் நின்ற உறைதான் என்பதை அவரே கண்டுகொண்டார். ஆக, செய்ய வேண்டிய உறையில் ஃப்ளூரோசிஸும் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

அடித்தளம்

உறையை வெட்டி எடுத்ததும் அடியிலிருந்த பல் கரும்பழுப்பாக இருந்தது. சுற்றிலும் 2 மி.மீ.க்குக் குறையாத உறுதியான பல்சுவர் எஞ்சியிருந்ததால் வேருக்குள் உறையைத் தாங்கும் கம்பம் தேவைப்படவில்லை. எக்ஸ்ரேயில் வேர் நிரப்பலும் வேர்நுனியும் நலமாகவே இருந்தன.

கருத்த அடிப்பல்லுக்கு மேல் என்ன பொருளில் உறை செய்வது என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டு. சிர்கோனியாவின் வளைவு வலிமை, அதாவது வளைக்கும்போது உடையாமல் தாங்கும் அளவு, 1,000 மெகாபாஸ்கலை ஒட்டியது. கருமையையும் நன்றாக மறைக்கும், ஆனால் மறைக்கும் அதே குணம் ஒளியையும் தடுக்கும். ஃபெல்ட்ஸ்பார் பீங்கான் இயற்கைப் பல்லை மிக அழகாக ஒத்திருக்கும். தனித்து நின்றால் அதன் வலிமை 100 மெகாபாஸ்கலைக்கூடத் தொடாது, அடியில் இருக்கும் கருமையையும் மறைக்காது. சுமார் 400 மெகாபாஸ்கல் வலிமையுள்ள லித்தியம் டைசிலிகேட் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அடிப்பல்லை வெளுக்க வைத்துவிட்டால் அதையே உட்கூடாக வைத்து மேலே ஃபெல்ட்ஸ்பார் வகைப் பீங்கானை அடுக்கலாம் என்று தீர்மானித்தேன். மறைப்பதற்காக ஒளிபுகாப் பொருளைத் தேடுவதைவிட மறைக்க வேண்டிய கருமையையே குறைப்பது நல்லது என்பது என் கருத்து.

வேர் நிரப்பலின் மேல் 2 மி.மீ. கிளாஸ் அயனோமர் அடைப்பு வைத்து, சோடியம் பெர்போரேட்டை நீரில் குழைத்து பல்லுக்குள் அடைத்து, தற்காலிக உறை போடப்பட்டது. செறிவான ஹைட்ரஜன் பெராக்சைடு விரைவாக வேலை செய்யும் என்றாலும், கழுத்துப் பகுதியில் வேர் கரையும் அபாயத்தோடு அதற்குத் தொடர்பு உண்டு என்பதால் தவிர்த்தேன். மருந்தை மாற்றி மாற்றி வைத்ததில் பல் இலேசான மஞ்சளுக்கு வந்தது. அதன் பிறகு இரண்டு வாரம் ஒட்டும் வேலை எதுவும் செய்யவில்லை. பல்லில் தங்கும் ஆக்சிஜன் ரெசின் இறுகுவதைத் தடுக்கும்.

இந்த இடைவெளி ஈற்றுக்கும் பயன்பட்டது. எலும்பு முகட்டுக்கு மேல் பல்லோடு ஒட்டும் திசுவுக்குச் சராசரியாக 2 மி.மீ. இடம் வேண்டும் என்பது 1961இல் கார்ஜியுலோ குழுவினரின் அளவீட்டிலிருந்து வழங்கிவரும் கணக்கு. பழைய உறையின் விளிம்பு ஈற்றுக்குள் ஆழமாக இறங்கி அந்த இடத்தை நெருங்கியிருந்ததால்தான் ஈறு எப்போதும் சிவந்தும் தொட்டால் இரத்தம் கசிந்தும் இருந்தது. நன்கு மெருகேற்றிய தற்காலிக உறையின் விளிம்பை ஈற்றின் ஆழத்திலிருந்து வெளியே கொண்டுவந்ததும் ஈறு அடங்கி, அதன் வளைவின் உச்சி வலப்பக்கத்தைப் போலவே பல்லின் நடுக்கோட்டிலிருந்து சற்று வெளிப்புறமாக அமைந்தது. இரு பற்களுக்கும் இடைப்பட்ட ஈற்று முக்கோணம் பற்றி எனக்குக் கவலை இருந்தது. பற்கள் தொடும் புள்ளியிலிருந்து எலும்பு முகடுவரை 5 மி.மீ.க்குள் இருந்தால் அந்த இடம் பெரும்பாலும் நிறைந்துவிடும் என்றும், 6 மி.மீ.யில் அது 56 விழுக்காடாகவும் 7 மி.மீ.யில் 27 விழுக்காடாகவும் குறையும் என்றும் டார்னோ குழுவினர் 1992இல் காட்டியிருந்தார்கள். இங்கு தொலைவு 5 மி.மீ.யை ஒட்டியே இருந்தது; கறுப்பு இடைவெளி தோன்றவில்லை.

நிறத்தைப் பதிவு செய்தல்

இந்த நிகழ்வின் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது இந்தக் கட்டம்தான். 1956இல் வந்த 16 நிறங்கள் கொண்ட விட்டா கிளாசிக்கல் ஷேட் கைடும் (பல்லோடு ஒப்பிடும் நிறப் பட்டைகளின் தொகுப்பு), 1998இல் வெளிர்மையை முதல் படியாக வைத்து வந்த 3டி மாஸ்டரும் நம் மருத்துவமனைகளில் பரவலாக உள்ளன. ஏ2வா பி2வா என்று வண்ண வகையைப் பற்றித்தான் மருத்துவர்கள் பெரும்பாலும் விவாதிக்கிறோம். ஆனால் வாயில் முதலில் கண்ணில் படுவது வெளிர்மையின் வேறுபாடு. வண்ண வகை சற்றுத் தவறினாலும் வெளிர்மை சரியாக இருந்தால் உறை தப்பித்துவிடும். வெளிர்மை தவறினால் வேறெதுவும் காப்பாற்றாது. எனவே ஷேட் பட்டையைப் பல்லின் அதே தளத்தில் பிடித்து எடுத்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்து, சாம்பல் அளவு ஒத்துப்போன பட்டையையே அடிப்படையாகக் கொண்டோம்.

இயற்கைப் பல் உலர்ந்தால் வெளுக்கும் என்பது எல்லோரும் அறிந்ததே. ஃப்ளூரோசிஸ் உள்ள பல்லில் அது பன்மடங்கு. எனாமலின் ஒளிவிலகல் எண் சுமார் 1.63, நீருக்கு 1.33, காற்றுக்கு 1. நுண்துளைகளில் நீர் இருக்கும்போது எனாமலுக்கும் துளைக்கும் உள்ள வேறுபாடு சிறியது, ஒளி ஓரளவு கடந்து செல்கிறது. நீர் வற்றிக் காற்று புகுந்ததும் வேறுபாடு பெரிதாகி ஒளி முழுக்கச் சிதறுகிறது. வெள்ளை வேட்டி நனைந்தால் உள்ளே இருப்பதைக் காட்டுவதும், காய்ந்தால் மறைப்பதும் இதே காரணத்தால்தான். வாயைச் சில நிமிடம் திறந்து வைத்தாலே இவருடைய குறுக்குப் பட்டை இரு மடங்கு அகலமாகத் தெரிந்தது. எனவே உதட்டை விலக்கியதும் முதல் படம், பல் உலர்ந்த பிறகு இன்னொரு படம் என இரண்டையும் எடுத்து, முதல் படத்தைத்தான் உறைக்கான வரைபடமாகக் கொள்ள வேண்டும் என்று லேபுக்குக் குறித்து அனுப்பினேன். இரண்டாவது படமும் வீணல்ல. திட்டு எதுவரை பரவியிருக்கிறது என்ற உண்மையான எல்லையை அது காட்டியது.

ஒளி முனைவாக்கும் வடிகட்டி போட்டு எடுத்த படம் மேற்பரப்பின் பளபளப்பை நீக்கி உள்நிறத்தை மட்டும் காட்டும். பக்கவாட்டு ஃபிளாஷ் படம் அதற்கு நேரெதிராக மேற்பரப்பை மட்டும் காட்டும். முடிந்தால் டெக்னீஷியன் நேரில் வந்து பார்ப்பதற்கு ஈடு எந்தப் படமும் இல்லை. இவருக்காக அவர் சேலம் சாலையில் பஸ் மாறி மாறி வந்தார். ஒரு தாளில் இரு மடங்கு பெரிதாகப் பல்லை வரைந்து, வெண்திட்டுகளை மூன்று அடர்த்தியில் பென்சிலால் தீட்டிக்கொண்டு போனார்.

வெண்திட்டை மேற்பரப்பில் பூசுவது எளிது, கண்டுபிடிப்பதும் எளிது. அதற்கு மாறாக, டென்டின் அடுக்கின் மேல் வெண்ணிறப் பீங்கான் தூளைப் புகைபோல மெலிதாக இட்டு, அதன்மேல் ஒளி ஊடுருவும் எனாமல் அடுக்கை வைத்தார். இயற்கையிலும் திட்டு மெல்லிய படலத்துக்கு அடியில்தானே இருக்கிறது. வெட்டுவிளிம்பில் ஓபல் தன்மையுள்ள பீங்கான் வைத்ததால், நேரே விழும் ஒளியில் நீலச்சாயலும் பின்னிருந்து வரும் ஒளியில் ஆரஞ்சுச் சாயலும் வந்தன. மேற்பரப்பில் வலப்பக்கப் பல்லின் செங்குத்து மேடுகளையும், ஈறருகே குறுக்காக ஓடும் நுண்வரிகளையும் செதுக்கி, சூளையில் மெருகேற்றாமல் கையாலேயே பளபளப்பைக் கூட்டிக் குறைத்தார். இயற்கைப் பல் எங்கும் ஒரே அளவில் மின்னுவதில்லை.

பொருத்திப் பார்த்தலும் ஒட்டுதலும்

கிளிசரின் கலந்த சோதனைப் பசையோடு உறையை வைத்தபோது முதல் பார்வையில் இரண்டு பற்களும் ஒன்றிப்போயின. தொடும் புள்ளிகளையும் கடியையும் சரிபார்த்து முடிப்பதற்குள் அண்டைப் பல் உலர்ந்து வெளுத்துவிட, உறை மங்கலாகத் தெரிந்தது. சரியான உறைகள் லேபுக்குத் திரும்பிப் போய் கெட்டுப்போவது பல நேரம் இந்த நிமிடத்தில்தான். வாயை மூடி, நீர் குடித்து, சற்று நேரம் உட்கார்ந்திருக்கச் சொன்னோம். பின்னர் சன்னலருகே நின்று பேசச் செய்து பார்த்தபோது உறை தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது. டியூப்லைட், மஞ்சள் பல்பு, பகல் வெளிச்சம், கைபேசியின் ஃபிளாஷ் ஆகியவற்றோடு, அவர் விருப்பப்படி ஊதா விளக்கிலும் பார்த்தோம். மாறிய அகலத்தின் உணர்வுதான் அவருக்கு முதலில் புதிதாக இருந்தது. நாக்கு பழைய தடிப்பைத் தேடுவதாகச் சொன்னார்.

உட்புறத்தை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் 20 நொடி அரித்து, பீங்கானையும் ரெசினையும் இணைக்கும் சிலேன் பூசி, நாளடைவில் மஞ்சளிக்கும் அமீன் வகை இல்லாத ரெசின் சிமெண்டால் ஒட்டப்பட்டது. விளிம்பு முகப்பில் ஈற்றுக்கு 0.5 மி.மீ. உள்ளே மட்டும் சென்றது.

நிறமானியால் அளந்தபோது நடுப்பகுதியின் வேறுபாடு, நிற வேறுபாட்டை எண்ணாகச் சொல்லும் டெல்டா ஈ 2000 கணக்கில் 0.8க்கும் 1.8க்கும் இடையில் இருந்தது. முதல் எண், பார்ப்பவர்களில் பாதிப்பேர் வேறுபாட்டை உணரத் தொடங்கும் எல்லை. இரண்டாவது, பாதிப்பேர் ஏற்றுக்கொள்ளும் எல்லை. ஒற்றைப் பல்லில் இது நல்ல முடிவு. ஆனால் நிறமானி ஓரிடத்தின் சராசரியைத்தான் சொல்கிறது. திட்டின் ஓரம் எவ்வளவு மென்மையாகக் கரைகிறது, மேடு எங்கே ஒளியைப் பிடிக்கிறது என்பதை அது அளப்பதில்லை. இயற்கைப் பல்லையும் செய்த பல்லையும் வேறுபடுத்துவது பெரும்பாலும் இந்த அளக்கப்படாத பகுதியே.

பின்தொடர்தல்

ஓராண்டுச் சோதனையில் ஈறு இளஞ்சிவப்பாக, கசிவின்றி இருந்தது. சாம்பல் நிழல் பெருமளவு மறைந்து, வேரின் கருமை காரணமாக இலேசான சாயல் மட்டும் எஞ்சியிருந்தது. உதட்டுக் கோடு தாழ்வாக இருப்பதால் அது சிரிப்பில் தெரிவதில்லை. வலப்பக்கப் பல்லில் பக்க ஒளியில் மட்டும் தெரியும் ஒரு செங்குத்து மயிரிழைக் கீறல் உண்டு. அதை உறையில் போடலாமா என்று டெக்னீஷியன் கேட்டபோது வேண்டாம் என்றேன். சாயம் ஏறிக் கறுக்கும் இயற்கைக் கீறலோடு, சாயம் ஏறாத பீங்கான் கீறல் நெடுநாள் ஒத்துப்போகாது.

இந்தப் பொருத்தம் ஒரு காலத்துக்கு உரியது. வயது ஏறும்போது எனாமல் தேய்ந்து, உள்ளே டென்டின் தடித்து, இயற்கைப் பல் மஞ்சளிக்கும். பீங்கான் அப்படியே இருக்கும். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வேறுபாடு மீண்டும் தலைகாட்டலாம் என்றும், அப்போது இயற்கைப் பற்களை மட்டும் மெல்ல வெளுப்பேற்றி உறையின் நிறத்துக்குக் கொண்டுவர முடியும் என்றும், அதுவரை கடையில் கிடைக்கும் வெளுப்புப் பசைகளைத் தொட வேண்டாம் என்றும் அவரிடம் சொல்லி எழுதியும் கொடுத்திருக்கிறேன். டெக்னீஷியனின் பென்சில் வரைபடமும், ஈரப் பல்லின் படமும், அடுக்கிய பீங்கான் தூள்களின் குறிப்பும் அவருடைய கோப்பில் இருக்கின்றன. அடுத்த உறையை யார் செய்தாலும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.